கடிதத்துக்கு நடுவில் யார்

ஏழு மாதங்களில் அருந்ததி ஏழு கடிதங்கள் எழுதியிருந்தாள். ஒன்றுக்கும் பதில் வரவில்லை.

எல்லாம் தம்பி உருத்திரமூர்த்தியைப் பற்றியவை. மூர்த்தி கலேவெலயில் நில அளவையாளனாக இருந்தான். 2007 பெப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமை, சனி ஞாயிறை அக்கா வீட்டில் கழிக்கலாமென்று பஸ் ஏறி, பலாபத்வலச் சந்தியில் இறங்கினான். சந்தியில் பழம் விற்கும் பெண்ணிடம் ஓர் அன்னாசி வாங்கினான். அவன் திரும்பியபோது இலக்கத் தகடு இல்லாத வேன் ஒன்று பக்கத்தில் வந்து நின்றது, மூன்று பேர் இறங்கினார்கள் என்று அந்தப் பெண் அன்று மாலை அருந்ததியிடம் சொன்னாள். அதைப் பொலிஸில் வந்து சொல்லச் சொன்னபோது, அன்று அன்னாசியே விற்கவில்லை என்றுவிட்டாள்.

பொலிஸில் முறைப்பாட்டை எழுதிக்கொண்டார்கள். எழுதியவர், "இளம் வயசுதானே, வந்துடுவான்" என்று சிங்களத்தில் சொன்னார். அவ்வளவுதான்.

அருந்ததி மாத்தளையிலேயே பிறந்து வளர்ந்தவள். டவுனில் ஒரு பாடசாலையில் கணிதம் படிப்பித்தாள். கணவர் விஜயரத்தினம் காரைநகர்க்காரர். இருபத்து நான்கு வயதில் இடமாற்றத்தில் வந்து, முப்பது வருடங்களாக இங்கேயே அரச அலுவலகமொன்றில் வேலை பார்த்து, இப்போது பிரதம லிகிதராக இருந்தார். பிள்ளைகள் இல்லை. பலாபத்வலச் சந்தியிலிருந்து பத்து நிமிட நடையில் இருந்த வீட்டில் இருவரும்தான்.

கொழும்பில் ஒரு வெளிநாட்டு நிறுவனம் காணாமல் போனவர்களைத் தடுப்பு முகாம்களில் தேடிப் பார்க்கிறது என்று பாடசாலையில் யாரோ சொல்ல, அருந்ததி நேரே போய்க் கேட்கலாமென்றுதான் முதலில் நினைத்தாள். விஜயரத்தினம் விடவில்லை.

"கொழும்பிலை லொட்ஜ் லொட்ஜாய் ஆக்களை அள்ளுறாங்கள். நீர் அங்கை போய் நிண்டால் நான் ரெண்டு பேரைத் தேட வேணும். கதைக்கிறதெண்டால் போனிலையும் கதைக்காதையும். மெயில் எழுதும். நான் அனுப்பி விடுறன்."

வீட்டில் ஒரு பழைய கணினி இருந்தது. கனடாவிலிருக்கும் தங்கையோடு கடிதத் தொடர்பு வைத்துக்கொள்வதற்காக விஜயரத்தினம் வாங்கியது. தொலைபேசிக்கும் இன்டர்நெட்டுக்கும் ஒரே கம்பிதான். மூர்த்தியைப் பற்றி யாராவது அழைத்தால் லைன் பிஸியாக இருக்கக்கூடாது என்பதால், பகலில் இன்டர்நெட் போடுவதில்லை என்று இருவரும் ஒத்துக்கொண்டிருந்தார்கள். அருந்ததி மூன்று மணிக்குப் பாடசாலையிலிருந்து வந்து கடிதத்தை எழுதி, அனுப்பு என்ற பொத்தானை அழுத்துவாள். கடிதம் அவுட்பொக்ஸில் போய்க் காத்திருக்கும். ஆறு மணிக்கு விஜயரத்தினம் குளித்துவிட்டு வந்து, தொலைபேசிக் கம்பியைக் கழற்றி மொடத்தில் மாட்டி, பத்து நிமிடம் இணைப்பார். அடுத்த நாள் பார்த்தால் அவுட்பொக்ஸ் வெறுமையாக இருக்கும்.

அனுப்பியவற்றின் பிரதிகள் எதுவும் கணினியில் இருக்காது. வீட்டைச் சோதிக்க வந்தால் கண்ணில் படக்கூடாது என்று அவற்றையும் அவரே அழித்துவிடுவார். அதுவும் சரியென்றுதான் அவளுக்குப் பட்டது. மார்ச்சில் ஒரு விடிகாலை சுற்றிவளைப்பின்போது வீட்டுக்குள் வந்த இராணுவத்தினர், கணினியைத்தான் முதலில் பார்த்தார்கள்.

ஆகவே கடிதங்கள் போயின. பதில்தான் வரவில்லை. முதல் கடிதத்துக்குப் பதில் வராதபோது, அவர்களுக்கு எத்தனை ஆயிரம் கடிதங்களோ என்று நினைத்தாள். நாலாவதுக்கும் வராதபோது, நடுவில் யாரோ நிற்கிறார்கள் என்று நினைக்கத் தொடங்கினாள். தொலைபேசியை எடுத்தால் காதில் ஒரு சின்னச் சொடக்குச் சத்தம் கேட்டது. முன்பும் கேட்டதா என்று யோசித்துப் பார்த்தாள், நினைவில்லை. "தம்பியப் பத்தி ஏதாச்சும் தெரிஞ்சுதா?" என்று உப அதிபர் அந்த வாரம் இரண்டு தடவை கேட்டார். ஒரு தடவை கேட்டால் அக்கறை. இரண்டாம் தடவை எதற்கு? தபால்காரன் கேற்றடியில் வழமையைவிடக் கூடுதலாக நிற்பதுபோல் இருந்தது. ஆட்களைச் சந்தேகிக்கத் தொடங்கினால் ஒரு முடிவில்லை என்று அவளுக்கே தெரிந்தது. ஆனாலும் வகுப்பில் கரும்பலகைக்குத் திரும்பும்போதுகூட, முதுகுக்குப் பின்னால் யார் என்ன குறித்துக்கொள்கிறார்கள் என்ற நினைவு வந்தது.

ஒக்டோபரில் ஒரு நாள் பாடசாலை விட்டதும், கொங்காவெலயில் புஹாரி நானாவின் கணினிக் கடைக்குப் போனாள். பிரிண்டருக்கு மை வாங்கப் போனதாகத்தான் பாவனை. புஹாரி நாற்பது வயது மனிதர், திறந்து கிடக்கும் கணினிகளுக்கு நடுவில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பார்.

"நானா, ஒரு மெயில் அனுப்புனா அது போய்ச் சேர்ந்துச்சான்னு நமக்கு எப்படித் தெரியும்?"

"ஏன் டீச்சர், போகலயா?"

"சும்மா கேட்டேன்."

புஹாரி அவளை ஒரு தடவை பார்த்தார். பிறகு மேசையிலிருந்த திருகாணிகளை வரிசையாக வைத்துக் காட்டினார். "இது ஒங்க வீட்டு மெஷின். நீங்க அனுப்புற மெயில் நேரா போறதில்ல. இன்டர்நெட் குடுக்குற கம்பனில வெளிய அனுப்புறதுக்குன்னே ஒரு மெஷின் வெச்சிருப்பாங்க. மொதல்ல அங்க போகும். அது எடுத்து, போக வேண்டிய எடத்து மெஷினுக்குக் குடுக்கும். நம்ம தபால் கந்தோர் மாதிரிதான்."

அருந்ததி நடுத் திருகாணியையே பார்த்தாள். "இவங்க நிப்பாட்டி வெச்சா?"

"நிப்பாட்டுனா ஒங்களுக்குத் தெரியாது."

"இது இல்லாம அனுப்ப ஏலாதா?"

"ஏலும். வெளிய அனுப்புற வேலைய மட்டும் செய்யிற சொஃப்ட்வெயர் இருக்கு. அத ஒங்க வீட்டு மெஷின்லயே போட்டா, அது நேரா அந்தப் பக்கத்துக்கே குடுத்துடும்." அவர் நடுத் திருகாணியை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். "சில எடத்துல வீட்டு லைன்ல இருந்து நேரா வந்தா எடுக்க மாட்டாங்க. திருப்பி அனுப்பிடுவாங்க. ஆனா எதுக்குன்னு காரணம் சொல்லித்தான் அனுப்புவாங்க."

அந்த நேரம் பார்த்துக் கடைக்கு முன்னால் பொலிஸ் ஜீப் ஒன்று வந்து நின்றது. இரண்டு பேர் ஒரு கணினிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார்கள். அருந்ததி மைப் பெட்டிகள் அடுக்கியிருந்த அலுமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். புஹாரி அவர்களோடு சிங்களத்தில் சிரித்துச் சிரித்துப் பேசினார். அவர்களில் ஒருவர் அவளைக் காட்டி ஏதோ கேட்க, "இஸ்கோல மிஸ்" என்று புஹாரி பதில் சொன்னது கேட்டது. பாடசாலை டீச்சராம். எதற்குக் கேட்டார்கள்? எதற்கு இவர் சொல்ல வேண்டும்?

ஜீப் போனதும் அவளும் புறப்பட்டாள். புஹாரி கூப்பிட்டார்.

"டீச்சர், நீங்க என்ன யோசிக்கிறீங்கன்னு தெரியும். அவங்க மெஷினையும் நான்தான் திருத்துறேன். கடைன்னா எல்லாரும்தான் வருவாங்க. அந்த சொஃப்ட்வெயர்ல மூணு விதம் என்கிட்ட இருக்கு. வேணும்னா பாருங்க, வேணாம்னா விடுங்க. யாருக்கு எழுதுறீங்கன்னு நான் கேக்கவே இல்ல."

அது உண்மைதான். ஆனால் கேட்காமலிருப்பதும் ஒரு விதமான கேள்வியாக இருக்கலாமே என்று யோசித்துக்கொண்டே பஸ் ஏறினாள். இரண்டு நாள் யோசித்தாள். மூன்றாம் நாள் திரும்பவும் போனாள்.

புஹாரி மூன்றையும் தன் கணினியில் ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினார். முதலாவது பெரிய கம்பனிகளுக்கானது. வருவது, போவது, நூறு பேருக்குப் பெட்டி வைப்பது என்று அது செய்யாத வேலையில்லை. காசு கட்டாமல் பாவிப்பதற்காக யாரோ அதன் பூட்டை உடைத்து, சீடியில் போட்டுச் சுற்ற விட்டிருந்தார்கள்.

"பூட்ட ஒடச்சவன் உள்ள வேற என்ன போட்டு வெச்சானோ" என்றாள் அருந்ததி.

"அது மட்டுமில்ல, ஒங்க மெஷின் இதத் தாங்காது. இத ஏத்துனா வேற ஒண்ணும் ஓடாது."

இரண்டாவது பார்க்க அழகாக இருந்தது. முப்பது நாளைக்கு இலவசம். தொடங்குமுன் பெயர், விலாசம், தொலைபேசி இலக்கம் எல்லாம் கேட்டது. அத்தோடு ஒவ்வொரு கடிதத்தின் அடியிலும் தன்னைப் பற்றி ஒரு விளம்பர வரியைச் சேர்த்து அனுப்பும் என்றார் புஹாரி.

"என் கடிதத்துக்குள்ள கைய வைக்கிதா? வேணவே வேணாம்."

மூன்றாவது ஒரு பிளொப்பிக்குள் அடங்கிற்று. சின்ன ஒரு சன்னல், அதில் நாலே நாலு பொத்தான்கள். வெளியே அனுப்புவதைத் தவிர வேறொன்றும் தெரியாது அதற்கு. பெயர் கேட்கவில்லை, காசும் கேட்கவில்லை. அதுதான் அருந்ததிக்குச் சந்தேகமாக இருந்தது.

"சும்மா எதுக்குக் குடுக்குறாங்க?"

"எவனோ ஒருத்தன் தன் தேவைக்கு எழுதி, மத்தவங்களும் பாவிக்கட்டும்னு விட்டிருக்கான். அவன் மனசுல என்ன இருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்? ஆனா இத ஒருக்கா பாருங்க." புஹாரி ஒரு கோப்பைத் திறந்தார். வெறும் எழுத்துகள், வரி வரியாக. "எத்தன மணிக்கு எந்த மெஷினோட பேசுச்சு, அது என்ன பதில் சொல்லிச்சு, கடிதத்த எடுத்துச்சா இல்லயா, எல்லாத்தையும் ஒண்ணு விடாம எழுதி வைக்கும். மத்த ரெண்டுலயும் இவ்வளவு தெளிவு இல்ல."

அருந்ததி அந்த வரிகளைப் படித்தாள். பிள்ளை கணக்கின் விடையை மட்டும் எழுதாமல் படிப்படியாகச் செய்து காட்டினால் அவளுக்கு எவ்வளவு பிடிக்குமோ, அவ்வளவு பிடித்தது. "இதையே தாங்க" என்றாள்.

கொடுக்கும்போது புஹாரி இன்னொன்றும் சொன்னார். "போற வழிய மட்டும் மாத்திட்டு, வர்ற வழிய அப்படியே விட்டா எப்படி? பதில் வர்றதுக்கு இன்டர்நெட்லயே புதுசா ஒரு விலாசம் திறந்துக்குங்க. இங்க வந்து பாத்துக்கலாம்." அவர் சொன்னது நியாயமாக இருந்தது. ஆனால் பதில் வருவதை அவருடைய கடையில், அவர் முன்னால்தான் பார்க்க வேண்டும் என்பதையும் அவள் மனம் குறித்துக்கொண்டது.

பிளொப்பியை மாணவர்களின் கணிதக் கொப்பிகளுக்கு நடுவில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தாள். டவுனைத் தாண்டியதும் சோதனைச் சாவடி. எல்லாரையும் இறக்கினார்கள். பையைக் கிளறிய சிப்பாய், பிளொப்பியை எடுத்து வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தான். என்ன இது என்று கேட்டான். பிள்ளைகளின் சோதனைப் புள்ளிகள் என்று சிங்களத்தில் சொன்னாள். அவன் மேலே இருந்த கொப்பியைப் புரட்டி, சிவப்புப் பேனாவால் போட்டிருந்த பிழை அடையாளங்களைப் பார்த்துச் சிரித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான்.

விஜயரத்தினத்திடம் இதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. கடையிலிருந்து கண்டதையும் கொண்டுவந்து போடுகிறாய் என்று பயப்படுவார், தடுப்பார். முதலில் பதில் வரட்டும், பிறகு சொல்லலாம் என்று நினைத்தாள். புஹாரி எழுதிக் கொடுத்த துண்டைப் பார்த்துத் தானே எல்லாவற்றையும் செய்தாள். விஜயரத்தினத்தின் தங்கைக்குப் போகும் கடிதங்கள் வழமைபோல் பழைய வழியில் போகும்படி விட்டுவிட்டு, தன் பெயரில் தனியாக ஒரு கணக்கைத் திறந்தாள். பிறகு எட்டாவது கடிதத்தை எழுதி, அந்த நிறுவனத்துக்கும் வேறு இரண்டு இடங்களுக்கும் என்று மூன்று விலாசங்கள் போட்டு அனுப்பினாள். கடிதம் அவுட்பொக்ஸில் நிற்காமல், நேரே புது மென்பொருளின் கைக்குப் போயிற்று. இனி லைன் கிடைத்தவுடன் அது தானாகவே அனுப்பும்.

ஆறு மணிக்கு விஜயரத்தினம் வந்து உட்கார்ந்தார். "மூலையிலை என்ன இது, சின்னக் கடித உறை மாதிரி ஒரு படம்?" என்று கேட்டார்.

"ஸ்கூல் புள்ளி போடுற ப்ரோக்ராம்."

"ம்" என்றார். மொடம் கீச்சிட்டது.

அடுத்த நாள் பாடசாலையிலிருந்து வந்ததும் அந்தப் பதிவுக் கோப்பைத் திறந்தாள். ஆறு மணி ஏழு நிமிடத்துக்கு ஓர் இடம் கடிதத்தை எடுத்திருந்தது. இன்னொரு இடம், வீட்டு இணைப்புகளிலிருந்து நேரே வருவதை ஏற்பதில்லை என்று மறுத்திருந்தது. ஆறு மணி எட்டு நிமிடத்துக்குக் கொழும்பு நிறுவனத்தின் இயந்திரம் கடிதத்தை ஏற்றுக்கொண்டிருந்தது. ஏற்றுக்கொண்டது என்ற அந்த வரியை அவள் நாலைந்து தடவை படித்தாள்.

ஒன்பதாம் நாள் புஹாரியின் கடையில் புது விலாசத்தைத் திறந்து பார்த்தபோது பதில் இருந்தது. நல்ல மரியாதையான ஆங்கிலம். உங்கள் சகோதரரின் விபரங்களைப் பதிந்துகொண்டோம், அடையாள அட்டை இலக்கத்தை உடனே அனுப்புங்கள் என்று எழுதியிருந்தார்கள். கடைசியாக ஒரு வரி: நீங்கள் குறிப்பிடும் முந்திய ஏழு கடிதங்களில் ஒன்றும் எங்களுக்குக் கிடைக்கவில்லை, இதுவே உங்களிடமிருந்து எமக்கு வந்த முதலாவது கடிதம்.

"பாத்தீங்களா நானா! நான் சொன்னேன்ல. நடுவுல நிப்பாட்டியிருக்காங்க. ஏழையும்."

புஹாரி கையிலிருந்த துணியால் மேசையைத் துடைத்தார். "டீச்சர், சேர் கனடாவுல இருக்குற தங்கச்சிக்கு எழுதுறார்னு அன்னைக்கு சொன்னீங்களே, அது போகுதா?"

"வாரா வாரம் போகுது. அவங்க பதில் போடுறாங்களே."

"அதுவும் அதே கம்பனி மெஷின் வழியாத்தானே போகுது?"

அருந்ததிக்கு அவர் சொல்வது உடனே விளங்கவில்லை. விளங்கியபோது கோபம்தான் வந்தது. குடும்பத்துக்குள் கையை விடுகிறான் இவன் என்று நினைத்தாள். "வெளிநாட்டு நிறுவனத்துக்குப் போற கடிதத்த மட்டும் பாத்து நிப்பாட்டலாம்தானே" என்றாள்.

"நிப்பாட்டலாம். இல்லேங்கல. அப்படின்னா அவங்க ஒங்களத் தேடி இந்நேரம் வீட்டுக்கும் வந்திருக்கணும்." அவர் குரலைத் தாழ்த்தினார். "நான் பொறத்தி ஆள். இதுக்கு மேல பேசுறது சரியில்ல."

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் புஹாரியைத் திட்டிக்கொண்டே வந்தாள். பொலிஸ்காரனோடு சிரித்தவன்தானே, வீட்டுக்குள் ஆளுக்காள் பகைமூட்டப் பார்க்கிறான். ஆனால் சந்தியில் இறங்கி மேட்டில் ஏறும்போது, அவுட்பொக்ஸும், வைக்கப்படாத பிரதிகளும், "நான் அனுப்பி விடுறன்" என்ற குரலும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன. வீட்டுக் கேற்றைத் திறக்கும்போது அவள் ஒரு தீர்மானத்துக்கு வந்திருந்தாள்.

அன்று மூன்றரை மணிக்கு, பழைய கணக்கில், பழைய வழியில், அதே நிறுவனத்துக்கு ஒரு கடிதம் எழுதி அவுட்பொக்ஸில் விட்டாள். ஆறு மணிக்கு அவர் கணினிக்கு முன்னால் உட்கார்ந்ததும், தேத்தண்ணிக் கோப்பையோடு கதவடியில் வந்து நின்றாள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

விஜயரத்தினம் அவுட்பொக்ஸைத் திறந்தார். கடிதத்தைத் திறந்தார். மூக்குக் கண்ணாடியை மேலே தள்ளிவிட்டு, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் ஆறுதலாக வாசித்தார். பிறகு அதை அழித்தார். அழித்தவை போய்ச் சேரும் இடத்தைத் திறந்து, அங்கேயும் அழித்தார். அதற்குப் பிறகுதான் தொலைபேசிக் கம்பியைக் கழற்றக் குனிந்தார்.

குனிந்தவரின் கண்ணில் அவள் கால்கள் பட்டன.

"எட்டும் இப்படித்தானா?" என்று கேட்டாள். புது வழியில் போனதை விட்டுவிட்டு, இன்றையதோடு சேர்த்துத்தான் அவள் எண்ணினாள்.

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஓம்" என்றார்.

"எல்லாத்தையும் வாசிச்சீங்களா?"

"வாசிச்சனான்."

"வாசிச்சிட்டு எப்படிங்க அழிக்க மனசு வந்துச்சு? எட்டு தடவ! நான் ரோட்டுல போறவன் வர்றவன் எல்லாரையும் சந்தேகப்பட்டேன். உப அதிபர சந்தேகப்பட்டேன். தபால்காரன, புஹாரி நானாவ... ஒங்கள மட்டும்தான் நான் சந்தேகப்படல."

விஜயரத்தினம் மொடத்தைப் பார்த்துக்கொண்டு பேசினார். "எங்கடை கந்தோரிலை மகாலிங்கம் இருந்தவர் தெரியுமே, படம் வரையிறவர். மருமகனைத் தேடி ஆறு இடத்துக்குப் பெட்டிசம் எழுதினவர். ஒரு மாதத்துக்குள்ளை விசாரணை எண்டு அவரைக் கூட்டிக்கொண்டு போச்சினம். நாலு மாதத்தாலை விட்டவை. இப்ப அவர் ஆரோடையும் கதைக்கிறேல்லை. கந்தோர் வாசலிலை வந்து நிண்டு பாத்திட்டுப் போறார். நான் அவரை ஒவ்வொரு நாளும் காணுறன்."

"அத என்கிட்ட சொல்லியிருக்கலாமே. அனுப்பாதேன்னு சொல்லியிருக்கலாமே."

"சொன்னால் நீர் கேட்டிருக்க மாட்டீர். எழுதின அண்டைக்கு நீர் சாப்பிட்டீர், நித்திரை கொண்டீர். அது அனுப்புப்படாட்டில் வீட்டுக்கு ஒருத்தரும் வரமாட்டினம். ரெண்டும் எனக்கு வேணுமாயிருந்தது." அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "மூர்த்தி இல்லையெண்டு நான் எப்பவோ நினைச்சிட்டன் அருந்ததி. மிச்சமிருக்கிறதைக் காப்பாத்த வேணுமெண்டு நினைச்சன்."

அவள் தேத்தண்ணிக் கோப்பையை மேசையில் வைத்தாள். அவருக்கு முன்னாலேயே, கம்பியைத் தானே மொடத்தில் மாட்டினாள். தன் கணக்கைத் திறந்து மூர்த்தியின் அடையாள அட்டை இலக்கத்தைத் தட்டெழுதினாள். அந்தச் சின்னக் கடித உறை என்னவென்று இப்போது அவருக்கு விளங்கியிருக்க வேண்டும். தடுக்கவில்லை. எழுந்து போகவுமில்லை.

அடுத்த பதில் வர பதினாறு நாள் ஆயிற்று. உருத்திரமூர்த்தி உயிரோடு இருக்கிறான். தெற்கில் ஒரு தடுப்பு முகாமில், வேறு விதமாக எழுதப்பட்ட பெயரில், மே மாதத்திலிருந்து இருக்கிறான். அடையாள அட்டை இலக்கத்தை வைத்துத்தான் அவனைக் கண்டுபிடித்தார்கள். உறவினர் பார்க்க அனுமதி உண்டு.

அருந்ததி கடை என்றும் பாராமல் அழுதாள். புஹாரி கடையின் பாதிக் கதவைச் சாத்திவிட்டு, "அல்ஹம்துலில்லாஹ், அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லிக்கொண்டு ஒரு சோடாவை உடைத்துக் கொடுத்தார். "நானா, நான் ஒங்களையும் சந்தேகப்பட்டேன்" என்றாள். "தெரியும் டீச்சர்" என்றார் அவர். "நானும் ஒங்கள மொதல்ல கொஞ்சம் சந்தேகப்பட்டேன். அந்த சொஃப்ட்வெயர் எதுக்குக் கேக்குறீங்கன்னு. காலம் அப்படி."

வீட்டில் செய்தியைச் சொன்னபோது விஜயரத்தினம் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். மே மாதத்திலிருந்து என்று இரண்டு தடவை தனக்குள் சொன்னார். மேயிலிருந்து ஒக்டோபர் வரைக்கும் அவர் அழித்த கடிதங்கள் எத்தனை என்று அவரும் எண்ணினார், அவளும் எண்ணினாள்.

டிசம்பர் முதல் வாரத்தில் முகாமுக்குப் போனார்கள். கூட வரும்படி அருந்ததி அவரைக் கேட்கவில்லை. அவரே லீவு போட்டுவிட்டு, வெள்ளைச் சட்டையும் அடையாள அட்டையுமாக விடியக்காலையில் வாசலில் நின்றார். வழி முழுக்க ஏழு சோதனைச் சாவடிகள். ஒவ்வொன்றிலும், கேட்குமுன்பே அவர் அடையாள அட்டையை எடுத்து நீட்டினார்.

கம்பி வலைக்கு அந்தப் பக்கம் மூர்த்தி வந்து நின்றான். பாதியாகிவிட்டிருந்தான். முன்பல் ஒன்றைக் காணவில்லை.

"ஏன்க்கா இவ்வளவு நாள்?" என்றுதான் முதலில் கேட்டான். "ஒன்னத் தேடி யாருமே எழுதல, ஒனக்கு யாருமே இல்லன்னு சொல்லிச் சொல்லிச் சிரிப்பாங்க. நான் நம்பல. அப்புறம் நம்பிட்டேன்."

கடிதம் போகவில்லை தம்பி, லைன் சரியில்லை என்று சொல்லிவிடலாம். சொல்லத்தான் போனாள். அதற்குள் விஜயரத்தினம் வலைக்குக் கிட்ட வந்தார்.

"அக்கா எழுதினவ. மாதம் தவறாமல் எழுதினவ. நான்தான் அனுப்பேல்லை. பயத்திலை அழிச்சுப் போட்டன்."

மூர்த்தி அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். பக்கத்து வலையில் ஒரு தாய் தன் மகனுக்குச் சோற்றுப் பார்சலைக் காட்டி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். காவலாளி மணிக்கூட்டைப் பார்த்தான். மூர்த்தி அக்கா பக்கம் திரும்பி, கலேவெல அறையைக் காலி பண்ணியாயிற்றா, தன் சாமான்கள் எங்கே என்று கேட்டான். வீட்டுக்காரர் நல்லவர், எல்லாவற்றையும் பத்திரமாக எடுத்துத் தந்துவிட்டார் என்று சொன்னாள். நேரம் முடிந்து காவலாளி தோளைத் தொட்டபோதுதான் அவன் விஜயரத்தினத்தை மறுபடி பார்த்தான்.

"அடுத்த தடவ வரும்போது போத்திக்க ரெண்டு சாரம் கொண்டாங்க அத்தான்" என்றான். "இங்க ராவைக்குக் குளிர்."

மூர்த்தி வெளியே வர அதற்குப் பிறகும் பதினொரு மாதங்கள் ஆயின. எத்தனையோ கடிதங்கள் எழுத வேண்டியிருந்தது. கந்தோர் ஆங்கிலத்தில் விஜயரத்தினத்துக்குச் சமமாக மாத்தளையில் ஆள் குறைவு. அருந்ததி எழுதியதை அவர் வாங்கித் திருத்தினார். எங்கே பணிந்து எழுத வேண்டும், எந்த இடத்தில் சட்டப் பிரிவின் இலக்கத்தைப் போட வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. எல்லாக் கடிதங்களிலும் அவள் பெயருக்குக் கீழே தன் பெயரையும் பதவியையும் போடச் சொன்னார். வேண்டாம் என்று அவள் சொல்லியும் கேட்கவில்லை.

அவர் திருத்திக் கொடுத்ததை அருந்ததி வாங்கி, அவர் பக்கத்தில் இருக்கும்போதே, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் இரண்டு தடவை வாசிப்பாள். ஒரு சொல்லாவது விடுபட்டிருக்கிறதா என்று பார்ப்பாள். எதுவும் விடுபட்டிருந்ததில்லை. என்றாலும் அவள் வாசித்து முடிக்கும்வரை அவர் பேசாமல் காத்துக்கொண்டிருப்பார்.